நான்காவது கட்டில்

எங்கள் நகைச்சுவை வலைத்தொடருக்கு நான் எழுதிய முதல் வரைவில் மூன்று கதாபாத்திரங்கள்தாம் இருந்தன. தொடருக்குக் கதையான எங்கள் பழைய அறையில் உண்மையில் வசித்தவர்களோ என்னையும் சேர்த்து நான்கு பேர். விடுபட்டவனை நான் வேண்டுமென்றே விட்டுவிடவில்லை. அவனைப் பற்றி எழுதுவதற்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். மூன்று ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் நான்கு கட்டில்களை நெருக்கிப் போட்டுக்கொண்டு வாழ்ந்த ஒருவனைப் பற்றிச் சொல்ல ஒரு சம்பவம்கூடவா இல்லாமற்போகும் என்று அப்போதே நான் ஐயப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. மூன்று பேர் என்றால் நடிகர் செலவு குறையும் என்று மகிழ்ந்தேன்.

மற்ற இருவரைப் பற்றி என்னிடம் கதைகள் குவிந்து கிடந்தன. ஒருவனைக் கணக்கர் என்று அழைப்போம். பொதுச்செலவை அவன் ஒரு நீள நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பான். மாத முடிவில் தொகையை நால்வருக்கும் சமமாகப் பிரித்துவிட்டால் வேலை முடிந்துவிடும். ஆனால், யார் எத்தனை நாள் அறையில் இல்லை, இல்லாத நாட்களில் அவர் பங்குக்கு விளக்கு எரிந்ததா, சோப்பு எவ்வளவு கரைந்திருக்கும் என்றெல்லாம் பார்த்து அவன் கழிவு கொடுப்பான். இன்னொருவன் பேச்சாளன். பகல் முழுவதும் அளவாகத்தான் பேசுவான். விளக்கை அணைத்து, எல்லோரும் போர்வையை இழுத்துக்கொண்ட பிறகு, இருட்டில் ஒரு கேள்வியைத் தூக்கிப் போடுவான். 'நாம் தூங்கும்போது நேரம் எங்கே போகிறது?' என்பது அவற்றுள் எளிமையான ஒன்று. மூன்றாமவன் நான். முதல் வரைவில் நான் பொறுமைசாலி. இந்த இரண்டு விசித்திரப் பிறவிகளுக்கு இடையே அகப்பட்டுக்கொண்ட ஒரே நிதானமானவன். அந்த அறையைப் பற்றி நான் பல ஆண்டுகளாக நண்பர்கள் கூட்டத்தில் சொல்லிவந்த கதைகளிலும் எனக்கு அதே வேடம்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வரைவை வைத்துக்கொண்டு ஒரு மாலை வாசிப்புக்கு உட்கார்ந்தோம். எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர்களில் மூவருக்குக் கணக்கரையும் பேச்சாளனையும் நேரில் தெரியும்; அவர்கள் பக்கத்துக்குப் பக்கம் சிரித்தார்கள். மற்ற ஐவரும் விருந்தாளிகள் புன்னகைப்பதுபோலப் புன்னகைத்தார்கள். முதலில் எனக்கு அந்த ஐவர் மேல்தான் கோபம் வந்தது. வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது: சிரித்த மூவரும் நான் எழுதியதற்காகச் சிரிக்கவில்லை, தங்களுக்குத் தெரிந்த ஒருவனை அடையாளம் கண்டுகொண்டதற்காகச் சிரித்திருக்கிறார்கள். அந்த அடையாளம் இல்லாதவர்களுக்கு என் கணக்கர், நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் ஒரு கஞ்சன் மட்டுமே. கஞ்சனைப் பார்த்து ஒருமுறை சிரிக்கலாம். ஆறு எபிசோடுகள் சிரிக்க முடியாது.

பழைய அறைத் தோழர்களைக் கதையாக்க முனையும் எவரும் இந்த இடத்தில் இடறுவார்கள் என்று நினைக்கிறேன். நம்மிடம் இருப்பவை அவர்களுடைய பழக்கங்கள்: ஈரத் துண்டை நாற்காலியில் போடுவான், கதவைப் பூட்ட மறப்பான், கைப்பேசியில் உரக்கப் பேசுவான். பழக்கம் ஒரு காட்சியின் முதல் இருபது நொடிகளுக்குத்தான் தாங்கும். அதற்குப் பிறகு அவனுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருக்க வேண்டும். அதை அடைய விடாமல் ஏதாவது ஒன்று தடுக்கவும் வேண்டும். கணக்கருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு நானே கேட்டபோது முதலில் தோன்றிய பதில் 'பணம்' என்பது. அது தவறு. கழிவு கொடுத்ததில் அவன் தன் கைப்பணத்தை இழந்த மாதங்கள்தாம் அதிகம். யாருக்கும் எதற்கும் தான் கடன்பட்டிருக்கக் கூடாது என்பதுதான் அவனுடைய தவிப்பு. அந்த நோட்டுப் புத்தகம் எங்களை மடக்குவதற்காக எழுதப்பட்டதே அல்ல, தன்னை விடுவித்துக்கொள்வதற்காக எழுதப்பட்டது.

இது தெரிந்தவுடன் காட்சி தானாக வந்தது. விலை போட முடியாத ஓர் உதவியை அவன் வாங்கிக்கொள்ளும்படி ஆக வேண்டும். ஒருமுறை அவனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து, விடியும்வரை ஒருவர் பக்கத்திலிருந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார் என்பது நினைவுக்கு வந்தது. காலையில் எழுந்ததும் அவன் நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தைப் புரட்டி, 'இரவு – கண்விழிப்பு' என்று எழுதி, தொகைக்கான கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பான். மணிக்கு எவ்வளவு? ஈரத்துணிக்குத் தனியாகவா, அதில் சேர்த்தா? பக்கத்தில் இருந்தவர் ஒருமுறை கொட்டாவி விட்டதைக் கழித்துக்கொள்ளலாமா? எழுத எழுத எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு, அந்த இரவு கண்விழித்தது யார் என்று எழுத வேண்டிய இடம் வந்தது. நான் அல்ல, நான் நன்றாகத் தூங்கினேன். பேச்சாளன் அப்போது ஊரிலேயே இல்லை.

இப்படித்தான் நான்காமவன் என் கதைக்குள் வந்தான்.

அமெரிக்க நாடகாசிரியர் நீல் சைமன் எழுதி 1965இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய, ஒரே வீட்டில் வாழும் ஒத்துவராத இரு நண்பர்களைப் பற்றிய 'தி ஆட் கப்புள்' நாடகத்துக்குப் பின்னால் ஒரு செய்தி உண்டு. மணவிலக்குக்குப் பிறகு இன்னொரு மணவிலக்குப் பெற்றவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்து பார்த்தவர் நீல் அல்ல, அவருடைய அண்ணன் டேனி. டேனியும் எழுத்தாளர்தான், அந்தக் கதையை முதலில் எழுதத் தொடங்கியவரும் அவரே. ஆனால் முடிக்க இயலவில்லை, தம்பியிடம் விட்டுவிட்டார். இதைப் படித்த நாளில் எனக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது, இன்னொரு விதத்தில் கலக்கமாகவும் இருந்தது. வாழ்ந்தவனால் முடிக்க முடியாததை, ஓரமாக நின்று பார்த்தவன் முடித்திருக்கிறான். எங்கள் அறையில் ஓரமாக நின்று பார்த்தவன் நான் அல்லன் என்பது அதற்குள் எனக்கு உறைக்கத் தொடங்கியிருந்தது.

நான்காமவனைச் சேர்த்த பிறகு எல்லாக் காட்சிகளும் வேறாகிவிட்டன. கணக்கர் பேசுகிறான், நான் எகிறுகிறேன், பேச்சாளன் இருவருக்கும் பொதுவாக ஒரு தத்துவத்தை எடுத்துவிடுகிறான். முன்பு அது வெறும் கூச்சல். இப்போது அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒருவன் தன் துண்டை மடித்துக்கொண்டிருக்கிறான். பார்வையாளர் அவனைப் பார்க்கிறார். அவன் எங்களைப் பார்க்கிறான். அப்போதுதான் நாங்கள் மூவருமே எவ்வளவு வேடிக்கையானவர்கள் என்பது தெரிகிறது. நகைச்சுவை இருவர் கூட்டாக நடந்த காலந்தொட்டே, ஒருவர் அடிக்க மற்றவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. கைதட்டல் அடிப்பவருக்குப் போகும், காட்சியைத் தாங்குபவர் வாங்கிக்கொள்பவராக இருப்பார். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் என் சொந்த அறையில் அந்த ஆளை நான் பார்க்கவில்லை.

எழுதி முடித்ததும் மூவரிடமும் அனுமதி கேட்பது என்று முடிவு செய்தேன். பெயரையும் தொழிலையும் மாற்றிவிட்டால் போதாதா என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். பொதுமக்களுக்கு அது போதும். சம்பந்தப்பட்டவனுக்கும் அவனைத் தெரிந்தவர்களுக்கும் போதாது. 'சைன்ஃபெல்ட்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் அண்டை வீட்டுக்காரராக வரும் கிரேமர் என்னும் பாத்திரம், அந்தத் தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான லாரி டேவிட்டின் எதிர்வீட்டில் உண்மையிலேயே வசித்த கென்னி கிரேமரை வைத்து எழுதப்பட்டது. 1989இல் ஒளிபரப்பான முதல் எபிசோடில் அந்தப் பாத்திரத்தின் பெயர் கெஸ்லர் என்றிருப்பதற்குக் காரணம், உண்மையான பெயரைப் பயன்படுத்துவது பற்றி அப்போது முடிவாகியிருக்கவில்லை என்பதே. அந்த வேடத்தைத் தானே நடிக்க வேண்டும் என்றும் கென்னி விரும்பினார், அது நடக்கவில்லை. பிற்காலத்தில் அவர் அந்தத் தொடரின் இடங்களைச் சுற்றிக் காட்டும் பேருந்துப் பயணம் ஒன்றை நடத்திப் பெயர் பெற்றார். எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று சொல்ல முடியாது.

அனுமதி கேட்பதற்கு முன்பே எனக்கு நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். ஒருவன் செய்வதைக் கேலி செய்யலாம். அவனிடம் இல்லாததைக் கேலி செய்யக் கூடாது. உடல், குடும்பம், அந்த ஆண்டுகளில் எங்களில் இருவருக்கு இருந்த பண நெருக்கடி ஆகியவற்றை நெருங்கவில்லை. இருட்டில் நம்பிச் சொன்ன எதையும் எடுக்கவில்லை. பேச்சாளனின் நள்ளிரவுக் கேள்விகளில் மிகவும் வலிமையான ஒன்று இதனால் போயிற்று. அது உண்மையில் கேள்வி அல்ல, அழுகை.

பேச்சாளனிடம் கேட்டபோது, தன் வேடத்துக்குத் தன்னைவிட உயரமான நடிகரைப் போட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன் சம்மதித்தான். கணக்கர் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னால் வருமானத்தில் தனக்குப் பங்கு உண்டா என்று கேட்டான். வருமானம் எதுவும் இருக்காது என்றேன். அப்படியானால் நட்டத்தில் தன் பங்கு எவ்வளவு என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்டான் என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். நான்காமவன் மட்டும், 'முழுவதையும் அனுப்புடா, படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்றான். ஆறு எபிசோடுகளையும் அனுப்பினேன். பத்து நாட்கள் கழித்து அவை திரும்பி வந்தன. ஓரங்களில் பென்சிலால் பதினொரு குறிப்புகள்.

அவற்றில் சில சின்னஞ்சிறியவை. நோட்டுப் புத்தகத்தின் அட்டை நீலம், நான் எழுதியதுபோலப் பச்சை அல்ல. கொடி கட்டியிருந்தது கதவோரம் அல்ல, ஜன்னலுக்கு எதிரே. ஏழாவது குறிப்பு வேறு மாதிரி இருந்தது. இரண்டாம் எபிசோட் முழுவதும் ஓர் அலாரத்தைச் சுற்றி நடக்கிறது: விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும், அதை வைத்தவனைத் தவிர எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அதைப் பேச்சாளனின் அலாரம் என்று எழுதியிருந்தேன். பொய்யாக அல்ல, அப்படித்தான் எனக்கு நினைவு. ஓரத்தில் நான்காமவன் எழுதியிருந்தான்: 'அந்த அலாரம் உன்னுடையது. தினமும் நிறுத்தியது நான்.'

கணக்கரிடம் கேட்டேன், சிரித்தான். பேச்சாளனிடம் கேட்டேன், 'பதினைந்து வருடமாக நீ அந்தக் கதையை என் பெயரில் சொல்லிக்கொண்டிருக்கிறாய், நல்ல கதை ஆயிற்றே என்று நானும் விட்டுவிட்டேன்' என்றான். நினைவு தன் குற்றங்களை அடுத்தவர் கணக்கில் எழுதிவிடுகிறது. கணக்கர் அந்த வேலையைச் செய்திருந்தால் இந்தத் தவறு நேர்ந்திராது. இரண்டாம் எபிசோடை முழுவதுமாக மாற்றி எழுதினேன். என் பாத்திரம் நிதானமானவன் என்ற பதவியை இழந்தது. ஒழுங்கைப் பற்றி எல்லோருக்கும் பாடம் எடுத்துவிட்டுத் தன் அலாரத்துக்கே எழாதவன் ஆனது. அடுத்த வாசிப்பில் முன்பு புன்னகைத்த ஐவரில் நான்கு பேர் சிரித்தார்கள்.

பதினொன்றாவது குறிப்பு கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்தது. 'நான் பேசாதவன் அல்ல. நீங்கள் மூவரும் பேசி முடிப்பதற்காகக் காத்திருந்தேன்.' இதை வசனமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

நடிகர் தேர்வில் மற்ற மூன்று வேடங்களும் ஒரே நாளில் முடிந்துவிட்டன. ஆறு எபிசோடுகளிலும் சேர்த்துப் பத்தொன்பது வரிகள் மட்டுமே பேசும் நான்காவது வேடத்துக்கு மூன்று வாரம் தேடினோம். வந்தவர்களுக்கு வசனம் கொடுக்கவில்லை; ஒரு துண்டைக் கொடுத்து, இருவர் சண்டையிடுவதைக் கேட்டுக்கொண்டே மடிக்கச் சொன்னோம். ஏறக்குறைய எல்லோரும் எதையாவது செய்தார்கள்: புருவத்தை உயர்த்தினார்கள், பெருமூச்சு விட்டார்கள், கேமராவைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் துண்டை மடித்தார். நுனிகள் சரியாகப் பொருந்தவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார். அவரையே எடுத்துக்கொண்டோம்.

படப்பிடிப்பைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. இந்தக் கட்டுரைக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். நான்கு கட்டில்கள் கொண்ட அறையில் கேமராவுக்கு இடம் கிடையாது. சிறிய அறைக்கு அகலமான லென்ஸ் போடலாமே என்று தோன்றும். போட்டால் அறை பெரிதாகிவிடும், ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுபடும், நெருக்கம் என்ற கதையின் உயிரே போய்விடும். எனவே ஒவ்வொரு ஷாட்டுக்கும் பின்பக்கக் கட்டிலை வெளியே தூக்கிப் போட்டு, கேமராவைச் சுவரோடு ஒட்டி வைத்து எடுத்தோம். ஒரு சுவரைப் பார்த்து எடுக்க வேண்டிய எல்லா ஷாட்களையும் முடித்துவிட்டுத்தான் எதிர்ச்சுவருக்குத் திரும்புவோம். இல்லையேல் விளக்குகளை நகர்த்துவதிலேயே நாள் போய்விடும். இருவர் பேசும்போது அவர்களுக்கு இடையே ஒரு கோடு இருப்பதாகக் கொண்டு, கேமரா அதைத் தாண்டாமல் இருந்தால் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற குழப்பம் வராது. நால்வர் ஒருவரையொருவர் பார்த்துப் பேசும்போது அந்தக் கோடுகள் கொடிக்கயிறு சிக்கியதுபோல் ஆகிவிடுகின்றன. இதற்கும் நான்காமவனே வழியானான்: சிக்கல் வரும் இடத்திலெல்லாம் அவன் முகத்துக்குப் போய்விட்டு வந்தால், அடுத்த ஷாட்டை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் கண்ணுக்கு உறுத்துவதில்லை.

ஒலிதான் எங்களை அதிகம் படுத்தியது. படம் சற்று மங்கலாக இருந்தால் இணையத்தில் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் பத்தாவது நொடியில் போய்விடுவார்கள், அதுவும் நகைச்சுவையில் கடைசிச் சொல் கேட்காவிட்டால் எல்லாமே வீண். மின்விசிறியை நிறுத்தினோம். ஃபிரிட்ஜை நிறுத்தினோம், மறுபடி போட மறக்காமல் இருக்க, காரின் சாவியை அதற்குள்ளே வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களிடையே வழங்கிவரும் உத்தி, சாவி இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாதல்லவா? ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அரை நிமிடம் எல்லோரும் அசையாமல் நிற்க, வெறும் அறையின் ஒலியைப் பதிவு செய்வோம். வசனங்களுக்கு இடையே வெட்டி ஒட்டும்போது ஏற்படும் ஓட்டைகளை அடைக்க அது தேவை. ஆளில்லாத அறைக்கும் ஓர் ஒலி உண்டு. அந்த மூன்று ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை.

முறையாகத் தட்டச்சு செய்த திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது கணக்கு. எங்கள் எபிசோடுகள் ஒவ்வொன்றும் ஒன்பது பக்கம். முதல் எடிட்டில் பன்னிரண்டு நிமிடம் வந்தது. எதைக் குறைப்பது என்று எடிட்டரும் நானும் மல்லுக்கட்டினோம். நான் நான்காமவனின் மௌன ஷாட்களைச் சுருக்கச் சொன்னேன்; அவர் என் வசனங்களை வெட்டச் சொன்னார். நொடிக்கு 25 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் படத்தில், ஒரு முகத்தின் மேல் ஐந்து சட்டகங்கள், அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, கூடுதலாகத் தங்கினால் சிரிப்பு வருகிறது. இன்னும் ஐந்து தங்கினால் போய்விடுகிறது. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, மூன்று விதமாக வெட்டி ஓட்டிக் காட்டினார். காய்ச்சல் காட்சியில், கணக்கர் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இரவெல்லாம் கண்விழித்தவன் எதிர்க்கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கும் ஷாட் பதினொரு நொடி நீடிக்கிறது. இணையத் தொடரில் அது ஒரு யுகம். என் வசனங்கள் வெட்டப்பட்டன.

வெளியிடுவதற்கு முந்தைய நாள் மூவருக்கும் இணைப்பை அனுப்பினேன். பேச்சாளன் இரவு ஒரு மணிக்கு அழைத்து, தன்னைப்போல் நடிக்கும் ஒருவனைப் பார்த்த பிறகு, தான் இதுவரை யாரைப்போல் நடித்துக்கொண்டிருந்தோம் என்று கேட்டான். கணக்கர், காய்ச்சல் காட்சியை நான்கு முறை பார்த்ததாகவும், அந்தப் பக்கத்தில் தொகை இன்னும் நிரப்பப்படாமலே இருப்பதாகவும் எழுதினான். அந்த நோட்டு இன்னும் அவனிடம் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான்காமவனிடமிருந்து மறுநாள் காலை ஒரே ஒரு செய்தி வந்தது. 'இரண்டாம் எபிசோடில் உன் கட்டில் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அலாரத்தை எடுக்க அதன் வழியாகத்தான் கையை விடுவேன்.' அதைத் திருத்த முடியாது; படம் பிடித்த அறையை நாங்கள் அதற்குள் காலி செய்துவிட்டிருந்தோம்.